எங்கள் தெரு நீலமான கதை

திரையில் எங்கள் தெரு நீலமாக இருந்தது.

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் வெள்ளைத் துணி கட்டி, எங்கள் ஆய்வுக் குழு தயாரித்த நிலத்தடி நீர் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் யாருக்கோ வரவேற்பு நடந்திருக்க வேண்டும். ரோஜா இதழ்கள் இன்னும் தரையில் கிடந்தன. பந்தி நடக்கும் கூடத்திலிருந்து ரசம் வாசனை வந்துகொண்டிருந்தது.

எண்ணூர் கழிமுகத்திலிருந்து ராயபுரம் வரை கடலோரமாக நீளும் படம் அது. உப்புத் தண்ணீர் என்றால் சிவப்பு, சுமாரான தண்ணீர் மஞ்சள், நல்ல தண்ணீர் நீலம். படம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும்தான். ஒரே ஒரு இடத்தில், சட்டைப் பையில் பேனா கசிந்தது போல, வட்டமாக ஒரு நீலம். அதன் நடுவில் எங்கள் வீடு.

நான் அப்போது அந்தக் குழுவில் இளநிலை ஆய்வாளர். படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கிணறு கிணறாகத் தண்ணீர் மாதிரிகள் எடுத்து முடித்த கையோடு என்னை வடக்கே ஒரு பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு நேராக மண்டபத்துக்கு வந்திருந்தேன்.

படம் தப்பு என்று எனக்கு உடனே தெரிந்தது. அதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அந்தத் தண்ணீரில் தலை குளித்து வளர்ந்தவள் நான்.

குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி மைக்கைப் பிடித்தார். “சிவப்பா இருக்கிற தெருக்களுக்குப் புதுக் குழாய் முதல் கட்டத்துலயே வந்துடும். இந்த நீலத்துக்குள்ள வர்ற தெருக்களுக்கு மட்டும் நிலத்தடியிலயே நல்ல தண்ணி இருக்கிறதால, ரெண்டாவது கட்டத்துல எடுத்துக்கலாம்னு இருக்கோம்.”

எங்கள் பக்கத்தில் இரண்டாவது கட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று தொட்டிலில் கிடக்கிற குழந்தை வளர்ந்து கல்யாணம் கட்டிப் போகும்வரை வராது என்று அர்த்தம்.

எங்கள் தெரு ஜனங்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் லாரி சற்றுத் தாமதமாக வந்தாலே டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற ஜனங்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

மஞ்சள் யூனிஃபார்ம்

எங்கள் போர் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பக்கெட்டில் பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். சற்று நேரம் வைத்தால் மஞ்சளாகும். மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று மினுமினுக்கும். சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மிதக்கும். அதில் போட்ட பருப்பு வேகவே வேகாது. குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் இது.

பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சட்டை. மற்றப் பெண்களின் சட்டை வெள்ளையாக இருக்கும், என்னுடையது சாயம் போன மஞ்சளாக இருக்கும். சொட்டு நீலம் போட்டால் அது பச்சையாகும். பிரேயரில் நிற்கும்போது பின்வரிசையில் போய் நின்றுகொள்வேன். பக்கத்தில் யாராவது மூக்கை உறிஞ்சினால்கூட என் தலைமுடியைத்தான் முகர்கிறார்கள் என்று தோன்றும்.

கல்லூரியில் “எந்த ஏரியா?” என்று கேட்டால் “பீச் பக்கம்” என்பேன். கேட்டவர்கள் மெரினாவையும் பெசன்ட் நகரையும் நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்த மாட்டேன்.

பேச்சையும் மாற்றிக்கொண்டேன். வீட்டில் “கீது”, கல்லூரியில் “இருக்கு”. பஸ் தண்டையார்பேட்டையைத் தாண்டும்போது நாக்கு தானாக மாறிக்கொள்ளும். இப்போது யோசித்தால் சிரிப்பாக வருகிறது. அப்போது அது எனக்குப் பெரிய உழைப்பாக இருந்தது.

மேலிருந்து பார்த்தால்

வேலையில் சேர்ந்த புதிதில் செயற்கைக்கோள் படத்தில் எங்கள் வட்டாரத்தைப் பார்த்தேன். கழிமுகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. துறைமுகம் பளிச்சென்று இருந்தது. மணலித் தொழிற்சாலைத் தொட்டிகள் வரிசையாகக் கவிழ்த்து வைத்த இட்லித் தட்டுகள். எங்கள் தெரு எங்கே என்று தேடினேன். ஒரு கலங்கல்தான் தெரிந்தது.

எங்கள் குழுவை நடத்திய பேராசிரியர் பின்னால் வந்து நின்று, “ரொம்ப சுவாரஸ்யமான இடம்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்து இன்னொருவர் சுவாரஸ்யம் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

அவர் நல்ல மனிதர். அந்தக் கலங்கலுக்குள் அவர் ஒரு பழைய மணல் தடத்தைக் கண்டுபிடித்திருந்தார். எப்போதோ வழி மாறிப்போன ஆற்றின் கிளை ஒன்று அங்கே மண்ணுக்குள் புதைந்து கிடக்கலாம், அந்த மணலில் நல்ல தண்ணீர் தங்கியிருக்கலாம் என்பது அவருடைய ஆசை. அதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாக ஆகிவிடும்.

இதை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். மணலியில் டேங்கர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அம்மா நான் கல்லூரியில் சேர்ந்த வருடமே போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் நானும் அவரும்தான்.

“ஆறு கீதா? நம்ம தெருவுக்கு அடியிலயா?” என்றார் நைனா. “அதான் மோட்டாரு போட்டா சாக்கட வருதா?”

இப்படி என்னிடம் கிண்டல் செய்வார். டீக்கடையில் போய், “எம்பொண்ணு ஆகாசத்துலேர்ந்து பாத்து, பூமிக்கு அடில கீற தண்ணியச் சொல்லிடும்” என்று அளந்துவிடுவார். அப்படியெல்லாம் பார்க்க முடியாது, கிணறு கிணறாகப் போய்ப் பாட்டிலில் பிடித்துத்தான் பார்க்கிறோம் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. “அத்த ஏன் வெளிய சொல்லணும்?” என்பார்.

கழிமுகத்தில் குளிர்காலப் பறவைகளை எண்ண வந்தவர்களை ஒருமுறை வீட்டு வழியாக அழைத்துப் போனேன். தூரத்து நாட்டிலிருந்து வரும் பறவைகள் என்று நைனாவிடம் அவர்கள் ஆர்வமாக விளக்கினார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர்கள் போனதும், “அதுங்களுக்கு இன்னா, புடிக்கலன்னா பறந்து பூடும்” என்றார்.

ஒரு போன்

வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு கிணறு வீதம் மாதிரி எடுப்பது எங்கள் முறை. எங்கள் வீடு இருந்த கட்டத்தில் போன இடமெல்லாம் பூட்டு, அல்லது மோட்டார் இல்லை. கூட வேலை பார்த்த பிரவீன், கோயம்புத்தூர்க்காரர், படத்தைப் பார்த்துவிட்டு, “உங்க வீடு இந்தக் கட்டத்துலதானுங்களே இருக்குது?” என்றார். தப்பிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நைனாவுக்கு போன் செய்தேன். “நாளைக்கு எங்க ஆபீஸ்லேர்ந்து தண்ணி எடுக்க வராங்க.”

“வரட்டும். இன்னா சாப்புடுவாங்க? பிரியாணி சொல்ட்டா?”

“அதெல்லாம் வாணாம் நைனா. கொஞ்சம் க்ளீனா வெச்சிரு, போதும்.”

“க்ளீனா...” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, “சரி பாப்பா” என்றார்.

மறுநாள் நாங்கள் போனபோது வாசலில் கோலமே போட்டிருந்தது. பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா போட்டதாம். அவர் காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறவர், மாதா கோயில் தவறாமல் போகிறவர். எங்கள் வீட்டுக்குக் கோலம் போட அவருக்கு ஒரு தடையும் இல்லை. நைனா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று சிரித்தார்கள்.

நான் டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். பிரவீன் முகத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீர் கொட்டுவதை நின்று பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. வெளியே நைனா, “மோட்டாரு காயில் பூட்ச்சி தம்பி. ட்ரம்முல கீற தண்ணி காலைல ஏத்துனதுதான்” என்று சொல்வது காதில் விழுந்தது. மோட்டார் அடிக்கடி கெடுவதுதான்.

மாதிரி எடுக்கும் முன் குழாயை நெடுநேரம் திறந்துவிட வேண்டும். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போய், உப்பை அளக்கும் மீட்டர் காட்டும் அளவு மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் பிடிக்க வேண்டும். ட்ரம் தண்ணீராக இருந்தாலும் பிரவீன் அந்த விதியை மீறவில்லை. ட்ரம்மின் குழாயிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் கொட்டிக்கொண்டே இருந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. நான் டீத்தூளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது பாட்டிலை மூடி, சீட்டு ஒட்டியாகிவிட்டது. “உங்க அப்பா ரொம்ப நல்லவருங்க” என்றார் பிரவீன். நைனா சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் கண் தரையில் ஓடுகிற தண்ணீரின் மேலேயே இருந்தது. வாசல்களில் நின்ற பெண்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசை

மண்டபத்துக்குத் திரும்புகிறேன்.

அதிகாரி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பேராசிரியர் மேடையில் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். புதைந்த ஆறு கிடைத்துவிட்ட சந்தோஷம். பாட்டிலில் பிடித்த இடங்களுக்கு நடுவே உள்ளதையெல்லாம் கம்ப்யூட்டர் ஊகித்துத்தான் வண்ணம் பூசும். ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் பக்கத்துத் தெருக்களையும் நீலத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. மழைக்குப் பிறகு இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வதாக இருந்ததாம். அதற்குள் குடிநீர் அலுவலகம் படத்தைக் கேட்டு வாங்கிவிட்டது.

நான் நைசாகப் போய் ரெஜினா அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இன்னாக்கா, ஒரு வார்த்த பேசாம குந்தினு கீற?”

“பேசுனா ஒன் வேலைக்கு இல்ல ஒல வெப்பாங்க” என்றார் மெதுவாக.

“எனக்கா? எதுக்கு?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஒங்க நைனா சொல்லலியா? அன்னிக்கு ஒன் ஆளுங்க புட்ச்சினு போனது லாரித் தண்ணி. ஒங்க வூட்டு ட்ரம்மக் கழுவி, தெருவே கொடம் கொடமா ஊத்துனோம்.”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நைனாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“அந்தக் கலீஜ் தண்ணிய மோந்து பாத்து ஒன் ஆளுங்க மூக்கப் புட்ச்சினு நின்னா ஒனுக்குத்தான அசிங்கம்? ஒங்க நைனா வூடு வூடா வந்தாரு. பாப்பா க்ளீனா வெக்கச் சொல்லிச்சி, வூட்டக் கழுவிட்டேன், தண்ணிதான் க்ளீனா இல்லன்னாரு. யாரு மாட்டேன்னுவா? அந்த ஆளு கொழாயத் தொறந்து வுட்டுகினே கீறாரு. மூட மாட்டேங்கறாரு. அவ்ளோ தண்ணியும் சாக்கடைல போவுது. வயிறு எரிஞ்சிச்சி. ஆனா கம்முனு கெடந்தோம்.”

வெட்கம் என்று ஒன்றைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். சட்டைக்கு வெட்கப்பட்டேன், பேச்சுக்கு வெட்கப்பட்டேன். அதெல்லாம் மேல்தோலோடு போகிற வெட்கம். இது எலும்புக்குள் இறங்கியது. எனக்காகத் தண்ணீரைக் கொடுத்தவர்கள், அதே எனக்காக இப்போது குழாயையும் விட்டுக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுந்து போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். “அந்த நீல இடத்துல எடுத்தது எங்க வீட்டுத் தண்ணி. அது போர் தண்ணி இல்ல, லாரித் தண்ணி. எங்க அப்பா ட்ரம்முல ஊத்தி வெச்சது. அந்தப் புள்ளிய எடுத்துடுங்க சார்” என்றேன்.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பேராசிரியரின் முகம் அணைந்துபோனது.

பின்வரிசையிலிருந்து நைனா எழுந்தார். “சார், ஒரு நிமிசம். கொயந்த ரயில்ல வந்த அலுப்புல இன்னாவோ ஒளறுது. அது எங்க போரு தண்ணிதான். சோக்கான தண்ணி சார்.”

“ஆமா சார்,” என்றார் ரெஜினா அக்கா. “நல்ல தண்ணிதான்.” தெருவே ஆமாம் என்றது.

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஜனங்கள் சண்டை போடுகிற கூட்டத்தை அந்த அதிகாரி அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் எழுந்து, “வீடு நடக்கிற தூரம்தானே? மீட்டர் வண்டியில இருக்கு. போய்ப் பாத்துடலாம்” என்றார்.

குழாயடி

ஊர்வலம் மாதிரி போனோம். நைனா எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்தார். வழியில் அவர் பக்கத்தில் போய், “நைனா, வுட்ரு. நா சொல்லிட்டேன்ல” என்றேன். “நீ கம்முனு இரு பாப்பா” என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில், மீட்டரை எடுத்து வந்த பிரவீன், “மோட்டார் ஓடுதுங்களா?” என்று கேட்டார். நைனா பதில் சொல்லும் முன் ரெஜினா அக்கா உள்ளே போய் சுவிட்சைப் போட்டுவிட்டார். மண்டபத்தில் ஆமாம் போட்டவர்தான். தெருவுக்கு வந்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

மோட்டார் இருமிக்கொண்டு ஓடியது. முதலில் துருத் தண்ணீர் வந்தது. பிறகு தெளிந்தது. கூடவே அந்த வாசனை, இரும்பும் அழுகிய முட்டையும் கலந்தது, கூட்டத்தின் மேல் பரவியது. அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். நான் இருபது வருடம் மறைத்து வைத்திருந்தது அத்தனை பேர் முன்னால் கொட்டிக்கொண்டிருந்தது.

பிரவீன் மீட்டரோடு குனிந்தார். அவருக்கு முன் நைனா குனிந்துவிட்டார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி, வாயில் ஊற்றிக்கொண்டார்.

“இனிப்பா கீது சார்” என்றார்.

இன்னொரு கை ஏந்திக் குடித்தார். மீசையில் தண்ணீர் சொட்டியது. தொண்டை ஏறி இறங்கியது. கண் கலங்கிவிட்டது, ஆனாலும் சிரித்தார்.

“யோவ், போதும்யா. துப்பு” என்றார் ரெஜினா அக்கா.

நான் போய் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தேன். மூன்றாவது முறை ஏந்தியிருந்த தண்ணீர் என் அடையாள அட்டையில் கொட்டியது.

பிரவீன் மீட்டரை வைத்தார். அளவு நிலைக்கும்வரை காத்திருந்து, தலையைத் தூக்காமல் மெதுவாகப் படித்தார். படம் முழுவதிலும் மிக மோசமான அளவுகளில் அதுவும் ஒன்று. பேராசிரியர் நைனாவின் பக்கம் பார்க்காமல், “மறுபடி எடுத்துப் பாக்காம படத்தைக் குடுத்தது என் தப்பு” என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “முதல் கட்டத்துலயே சேத்துடறேன்” என்றார்.

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி சிரித்தாள். கூட்டம் கலைந்து வண்டி கிளம்பியது. சொன்னபடி குழாய் வந்தது, சற்றுத் தாமதமாகத்தான்.

அன்று எல்லோரும் போன பிறகு நைனா படியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரிச் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. குழாய் எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை.

“ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே பாப்பா?” என்றார்.

“ஆவாது நைனா.”

உள்ளே போய், குடத்திலிருந்து லாரித் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு வந்து நீட்டினேன். “வாயக் கொப்புளி நைனா.”

அவர் சொம்பைப் பார்த்தார். “வாய் கொப்புளிக்க எதுக்கு நல்ல தண்ணி?” என்றார். எழுந்து போர் குழாயடிக்கே போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார்.